தொண்ணூறு சதவீதம்

கனடா அரசாங்கத்துக்கு என் சிறுநீர்ப்பையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது என் கால் மட்டும்தான். பாப்பாரப்பட்டியில் இறங்கி எங்கள் ஊருக்கு வழி கேட்டால், "கட்ட வெச்சு நடக்குற பாப்பா வூடுங்களா?" என்று கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது முடிந்துவிட்டது. இன்னமும் பாப்பாதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போதே என் முதுகெலும்பு கீழ்ப்பக்கத்தில் சரியாக மூடிக்கொள்ளவில்லை. அதனால் முழங்காலுக்குக் கீழே இரண்டும் பேச்சுக்குத்தான் கால்கள். காலை நிமிர்த்திப் பிடிக்கும் காலிபர் என்ற இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு இரண்டு ஊன்றுகோலையும் பிடித்தால் நடப்பேன். சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிறைந்தால் சொல்லாது, சொன்னாலும் திறக்காது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நானே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுக் காலி செய்ய வேண்டும். பத்து வயதில் வேலூரில் ஒரு நர்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து இதைச் சொல்லிக்கொடுத்தார். மற்ற பிள்ளைகள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள், நான் இதைப் பழகினேன்.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொம்மிடியில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூரில் சிறுநீரக ஸ்கேன். குழாயையாவது சமாளித்துவிடலாம், கழிவறையைத்தான் சமாளிக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக் கழிவறையில் ஊன்றுகோலை எங்கே சாய்ப்பது, குழாயை எங்கே வைப்பது, மூக்கை எங்கே வைத்துக்கொள்வது? ஆகவே வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் இரண்டு முறை சிறுநீரகத்தில் கிருமி ஏறிக் காய்ச்சலில் படுத்தேன். இடது சிறுநீரகம் சுருங்க ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் தாங்காது என்று வேலூர் டாக்டர் சொன்னார்.

அப்போது நான் பெங்களூரில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் வேலை. கனடாவில் இருக்கும் எங்கள் கிளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் மாடிக்கு மாடி ஊன்றுகோலோடு நுழையும் அளவுக்கு அகலமான கழிவறை இருக்கிறதாம். உலகத்தில் பலர் பலவற்றுக்காகக் கடல் தாண்டிப் போகிறார்கள். நான் கக்கூஸுக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என்னை யாரும் தூக்காத ஓர் ஊரில் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை. பஸ் கண்டக்டர் தூக்குவார், கோயில் படியில் முன்பின் தெரியாதவர் தூக்குவார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோழனே வந்து தூக்குவான். யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரிசி மூட்டையைக்கூட எங்கே இறக்கட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறார்கள்.

தூக்குவதில் முதலிடம் அப்பாவுக்கு. அவருக்கு ஒன்றரை ஏக்கரில் மல்பெரி, வீட்டை ஒட்டிப் பட்டுப்புழுக் கொட்டகை. ஆனால் அவருடைய உண்மையான தொழில் என் சான்றிதழ் என்று நான் கிண்டல் செய்வேன்.

ஏழு வயதில் எனக்குப் புதுக் காலிபர் வந்தது. அந்த வாரமே தர்மபுரியில் மாற்றுத்திறனாளி முகாம். நான் என்ன செய்தேன்? டாக்டர் என் பெயரைக் கூப்பிட்டதும் அப்பாவின் கையை உதறிவிட்டு, புதுக் காலிபர் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட, தலையை நிமிர்த்திக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "சபாஷ்!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முப்பத்தைந்து சதவீதம் ஊனம் என்று எழுதினார். நாற்பதுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. பஸ் பாஸ், படிப்பு உதவி, அடுத்த காலிபர், எல்லாம் போச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் முதுகில் ஒன்று வைத்தார். "உன்ன யாரு நடக்கச் சொன்னா?" என்றார். நடந்ததற்கு அடி வாங்கிய பிள்ளை இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பது வயதில் மறுபடி முகாம். இந்த முறை காலிபரை அம்மா பரண் மேல் போட்டுவிட்டாள். அப்பா என்னைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார். "வாயத் தொறக்காத. கால ரெண்டும் தொங்கட்டும். சிரிச்சுகிரிச்சுத் தொலைக்காத" என்று வழியெல்லாம் பாடம். டாக்டர் பேனாவை எடுத்ததும் அப்பா ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது, கை குவிந்தது. பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஏலம் கேட்பவர்களிடம் விலையை ஏற்றிக்கொண்டே போவாரே, அதே திறமை. "கொஞ்சம் கூடப் போட்டு எழுதுங்க சாமி, பொம்பளப் புள்ள" என்றார். தொண்ணூறு விழுந்தது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாங்கியதிலேயே பெரிய மார்க் அதுதான். அன்றைக்குத் தர்மபுரியில் எனக்கு இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். காலிபர் இல்லாத என்னைத்தான் அவர் காட்டினார், அவளும் நான்தானே. அந்தத் தொண்ணூறில்தான் படித்தேன், அந்தத் தொண்ணூறில்தான் பஸ் ஏறினேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த அரசாங்க வாசலையும் நான் என் காலால் தாண்டியதில்லை. புதுப்பிக்க, கையெழுத்து வாங்க, முத்திரை வாங்க, எதற்குப் போனாலும் காலிபர் பரணில், நான் அப்பாவின் தோளில். காலேஜ் படிக்கும் வயதில்கூட அப்படித்தான் போனேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட அப்பாவைத்தான் விசா மருத்துவப் பரிசோதனைக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். என் தப்புதான். பரிசோதனைக் கட்டில் உயரமாக இருந்தால் ஏற ஒரு கை வேண்டும் என்று நினைத்தேன்.

பரிசோதனை பெங்களூரில். நான் அந்த வாரம் ஊரில் இருந்ததால் இருவரும் தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினோம். ஓசூர் வரும்வரை அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். இந்த முறை எல்லாமே தலைகீழ். நான் போனால் கனடா நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பாரமாகிவிடுவேனா என்று பார்ப்பார்கள். பாரம் என்று தோன்றினால் விசா கிடையாது.

"அப்ப கம்மியா காட்டணும்ங்கற" என்றார்.

"இருக்கறத அப்படியே காட்டணும்பா."

"இருக்கறதுன்னா எவ்ளோ?"

"நீ வாயே தொறக்காத" என்றேன். இருபது வருடம் முன்பு எனக்குச் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்வதில் ஒரு சின்ன சுகம் இருந்தது, மறைப்பானேன்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கனடா போகிறவர்கள், ஆஸ்திரேலியா போகிறவர்கள் என்று பத்துப் பேர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வராத ஒன்றுக்காகத் தவம் கிடந்தார்கள். நான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "எத்தனை மில்லி வேணும்?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் கோடு வரைந்த இடம்வரை சரியாக நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலாவது முதலில் எழுதி முடித்துவிட்டு எழுந்து போகும் கொடுப்பினை அன்றைக்குத்தான் கிடைத்தது.

பிறகு டாக்டர். கன்னடக்காரர், அமைதியான மனிதர். நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன். கட்டிலில் ஏறச் சொன்னார். யார் கையும் இல்லாமல் ஏறினேன். குழாயைப் பற்றிக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "வெரி குட்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

பேனாவை எடுத்ததுதான் தாமதம், மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிட்டார். தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் வந்து போன காலத்தில் பழகிய அரைகுறைக் கன்னடம் அவரிடம் இருந்தது. இரண்டு கையையும் குவித்து, "சார், ஸ்வல்ப ஜாஸ்தி பரீரி சார்!" என்றார்.

கொஞ்சம் கூடப் போட்டு எழுதுங்கள் என்கிறார். கனடா விசாவுக்கு!

"அப்பா!" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. என் காகிதங்களை வைத்திருக்கும் பச்சை நிற ஃபைல் எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது. "நடக்கவே முடியாது சார், படி ஏற முடியாது சார், எல்லாம் நாங்கதான் சார் தூக்கிட்டுப் போறோம்" என்று தழுதழுத்துக்கொண்டே தொண்ணூறு சதவீதச் சான்றிதழை மேஜை மேல் விரித்து வைத்தார். அவர் நடக்கவே முடியாது என்று சொல்லும்போது நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைப் பொத்துவதற்காகக் கட்டிலிலிருந்து இறங்கி நாலு அடி நடந்தே போயிருந்தேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். "இதில் எதை எழுதட்டும்?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் என்றேன். அவர் நேர்மையான மனிதர். பார்த்ததையும் எழுதினார், சான்றிதழையும் நகல் எடுத்துச் சேர்த்து அனுப்பினார்.

திரும்பும்போது கிருஷ்ணகிரிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரியும். பஸ் நின்றபோது அப்பா இறங்கிப் போய் எனக்கு மட்டும் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"வேணும்னு பண்ணல பாப்பா. பேனாவப் பாத்ததும் வாய் தானா வந்துடுச்சு" என்றார்.

கோபத்தில் டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். பரிசோதனையில் இவர் தானாக நடக்கிறார் என்று இருக்கிறது, சான்றிதழில் தொண்ணூறு சதவீதம் என்று இருக்கிறது. இவருக்கு என்னென்ன மருத்துவம் தேவைப்படும், அதை எப்படிச் சமாளிப்பார் என்று விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். படித்துக் காட்டியபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா மட்டும், "அங்க போனா காலச் சரி பண்ணிடுவாங்கன்னு சொன்னாங்களே, அப்பறம் எதுக்கு இவ்ளோ கேக்கறாங்க?" என்றாள்.

மறுநாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார். மத்தியானம் முகம் தொங்கிப்போய் வந்தார். அம்மா துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மனிதர் தர்மபுரி போய், முகாம் நடக்கும் இடத்தில் வரிசையில் நின்று, சதவீதத்தைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க" என்றார் அப்பா. "கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான்யான்னு அங்க இருந்த கிளார்க்கு எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுனான். பாப்பாவக் கூட்டிட்டு வந்தாத்தான் பாப்பாங்களாம்." கொஞ்ச நேரம் சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டிருந்தார். "நாப்பத்தஞ்சுன்னு கேட்டுப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் மகனையும் மகளையும் தூக்கிக்கொண்டு கூடப் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்க, நடுவில் இந்த மனிதர் வெறும் தோளோடு நின்று குறைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அதுவும் பேரம் பேசியிருக்கிறார். அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

விளக்கத்தை நானே எழுதினேன். மூன்று நாள் ஆனது. நாள் முழுக்க அடுத்தவர் நோயை எண்ணாக்குகிறவளுக்குத் தன் உடம்பைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வரவில்லை. முதல் வரைவில் நான் ஒலிம்பிக்ஸ் போகும் ஆள் மாதிரி இருந்தேன். இரண்டாவதில் இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டேன் போலிருந்தது. மூன்றாவதில்தான் நான் வந்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு குழாய், நானே போட்டுக்கொள்கிறேன். குழாய்க்கும் மருந்துக்கும் கம்பெனிக் காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு ஸ்கேன். இடது சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது, அதற்கு வேலூர் டாக்டரின் கடிதம் இதோ. சான்றிதழில் இருக்கும் தொண்ணூறு எனக்கு ஒன்பது வயதில், காலிபர் இல்லாமல் பார்த்து எழுதியது. காலிபரோடு நான் செய்வது இவை. அனுப்பிவிட்டு, நகம் இருந்த வரைக்கும் கடித்தேன்.

விசா வந்தது.

கிளம்பும் நாளில் அம்மா ஒரு பெட்டி முழுக்கக் குழாய்களை அடுக்கி, இடுக்கில் பருப்புப் பொடிப் பொட்டலங்களைச் செருகினாள். விமான நிலையச் சோதனையில் அதிகாரி ஒரு குழாயை உருவித் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார். என்னவென்று சொன்னேன். தேள் கொட்டியதுபோல் கீழே போட்டுவிட்டு, மற்றதைப் பார்க்காமலே பெட்டியை மூடிவிட்டார். பருப்புப் பொடி தப்பித்தது.

கனடாவைப் பற்றி அங்கே போகாதவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ஊன்றுகோலின் ரப்பர் மூடி பனிக்கட்டியில் வழுக்கும். முதல் மாதத்திலேயே மூன்று முறை மல்லாக்க விழுந்தேன். அதில் ஒரு முறை ஒரு ஆள் ஓடி வந்து, தூக்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, உதவி வேண்டுமா, எப்படி உதவட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பின்பக்கம் ஐஸாகிக்கொண்டிருந்தது. யோவ், தூக்குய்யா முதலில் என்று தமிழில் கத்தினேன். கண்டக்டர் அண்ணன்களை அன்றைக்கு ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிறுநீரக டாக்டரைப் பார்க்க என் முறை வருவதற்கு ஏழு மாதம் ஆனது. வேலூரில் காலையில் போனால் மாலைக்குள் ஸ்கேனே முடிந்துவிடும். ஏழு மாதமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். லேசாக உடம்பு சுட்டாலும் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் அலுவலகத்தில் தண்ணீர் குடித்தேன். வயிறு முட்ட, எந்தக் கணக்கும் போடாமல், ஆசைக்குக் குடித்தேன்.

கடைசியில் போய்ப் பார்த்தாயிற்று. சுருங்கியது சுருங்கியதுதான், ஆனால் மேற்கொண்டு சுருங்கவில்லை என்றார்கள். மறுநாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். புழுக்கள் தின்னும் சத்தம் போனில் மழை மாதிரி கேட்டது.

ஸ்கேன் விஷயத்தைச் சொன்னேன். "சாமி காப்பாத்திடுச்சு" என்றார். அப்புறம் அவருடைய கேள்வி வந்தது. "எவ்ளோ போட்டாங்க?"

"இங்க பர்சன்டேஜ் எல்லாம் கேக்கலப்பா."

"அப்ப எதப் பாத்து எழுதுனாங்க?"

"ஒரு நர்ஸம்மா வந்து, உனக்கு என்னென்ன முடியும், என்னென்ன முடியாதுன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"நீ சொன்னத அப்புடியேவா?"

"அப்படியே."

தழை உதறும் சத்தம் நின்றுவிட்டது. அவர் எதையோ கேட்க நினைத்து யோசிக்கிறார் என்று தெரிந்தது. ஏழு வயதில் முதுகில் வாங்கிய அடி எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உள்ள நடந்தேவா போன?" என்று கேட்டார்.

"நடந்துதாம்பா போனேன். புதுக் காலிபரு. சத்தமே இல்ல."

அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு போனை வைக்கவும் மறந்துபோய், கொட்டகைக்கு வெளியே போய் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். "இந்தா, கேட்டியா? பாப்பா டாக்டருகிட்ட நடந்தே போயிருக்குது!"